ரிப்பன் மாளிகை, 130ஆவது திருத்தம், தீபாவளி வரிக்குறைப்பு: இந்த வாரத்தை ஒரு வலதுசாரியாக எப்படிப் பார்க்கிறேன்

எம்.சி.ரோடு ஜவுளிக்காரர்
22 ஆகஸ்ட் 2025, வெள்ளி, காலை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இடதுசாரி நண்பர்களும் திராவிட இயக்க நண்பர்களும் நிறைய எழுதுகிறீர்கள். வலது பக்கம் நின்று எழுதுகிறவர்கள் குறைவு. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்திலிருந்து ஜவுளி வியாபாரம். அரசு தனக்கென்று உள்ள வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும், மற்றதில் தலையிடக் கூடாது, கடன் வாங்கிக் கொடை கொடுக்கக் கூடாது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ராஜாஜி 1959இல் இதே சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தாரே, அந்த வழி என்னுடையது.

முதலில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையும் தனியார் கைக்குப் போகிறது. மாதம் 23,000க்குச் சற்றுக் குறைவாக வந்துகொண்டிருந்த சம்பளம் 17,000 பக்கமாக இறங்கும் என்பதுதான் அவர்கள் பயம். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாளே அமைச்சரவை கூடி காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று ஆறு திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும் பழைய சம்பளமும். அந்த இரண்டைப் பற்றியும் அறிவிப்பில் ஒரு வரி இல்லை.

தனியாருக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. மாநகராட்சி எல்லாரையும் நிரந்தரமாக்கி ஓய்வூதியம் வரை சுமக்க முடியாது. அனுமதியில்லாத இடத்தில் உட்கார்ந்தவர்களைச் சட்டப்படி அப்புறப்படுத்தச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவையும் ஏற்கிறேன். எனக்கு ஆறாத விஷயம் வேறு. 2021 தேர்தல் நேரத்தில் பணி நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் யார்? அது முடியாது என்று அன்றைக்கே தெரியாதா? மாநிலத்தின் நிலுவைக் கடன் வருகிற மார்ச்சில் 9.29 லட்சம் கோடியைத் தொடும் என்று அரசின் பட்ஜெட்டே சொல்கிறது. இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் ஒரு பெருக்குகிற அம்மாவுக்கு ஆசை காட்டியிருக்கக் கூடாது.

எங்கள் தெருவுக்கு வருகிற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடை திறப்பதற்கு வெகு முன்பே பேட்டரி வண்டியோடு வந்துவிடுவார். ஜவுளிக்கடை வாசலில் எவ்வளவு சேரும் என்று இந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும்: பாலிதீன் உறை, சட்டைக்குள் வைக்கிற அட்டை, குண்டூசி, பார்சல் பிரித்த சணல். குண்டூசி குத்தாமல் இருக்கக் கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு அட்டையைத் தனியாக, பாலிதீனைத் தனியாகக் கட்டுவார். இந்த மாதம் அவர் வராத நாட்களில் கல்மண்டபம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தொட்டி நிரம்பி மீன் கழிவு ரோட்டில் வழிந்தது. ஒரு அரசுக்குச் சாராயம் விற்பது வேலையா, தெருவைச் சுத்தமாக வைப்பது வேலையா? விற்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டு பெருக்குவதை வெளியே தள்ளுகிறார்கள். என் கோபம் அதில்தான்.

அடுத்தது 130ஆவது திருத்த மசோதா. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய வழக்கில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ பதவி இழப்பார். 20ஆம் தேதி மக்களவையில் அமித் ஷா கொண்டுவந்தார், கூட்டுக்குழுவுக்குப் போயிருக்கிறது. சிறையில் இருந்துகொண்டு பதவியில் தொடர்வது அசிங்கம், சந்தேகமே இல்லை. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே, கைது செய்கிற அதிகாரியின் பேனாவை நம்பிப் பதவியைப் பறிக்கிற சட்டத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. என் பக்கத்து ஆட்கள் திட்டுவார்கள், தெரியும்.

சி.பி. ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவர் வேட்பாளர் ஆனதில் சந்தோஷம். திருப்பூர்க்காரர், கோவையில் இரண்டு முறை ஜெயித்தவர், பண்பானவர். மதுரையில் நேற்று விஜய் மாநாடு. கூட்டத்தைப் பார்த்தேன், கொள்கை இன்னும் பிடிபடவில்லை.

கடைசியாக ஜி.எஸ்.டி. சுதந்திர தின உரையில் தீபாவளிக்குள் வரி குறையும் என்று பிரதமர் சொன்னார். குறைக்கட்டும், வரவேற்கிறேன். ஆனால் எதற்கு எவ்வளவு என்று சொல்லாமல் அறிவித்தால் கடைத்தெருவில் என்ன ஆகும்? ஆயத்த ஆடைக்கு ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இந்த வாரம் வெளியூரிலிருந்து வருகிற சில்லறை வியாபாரிகள் விலை உயர்ந்த சரக்கைத் தொடவே இல்லை. “தீபாவளிக்கு முன்னாடி பார்த்துக்கலாம்ணே” என்கிறார்கள். ஆவணி முகூர்த்தச் சரக்கு அடுக்கிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. மன்றத்தைக் கூட்டி, முடிவெடுத்து, பிறகு அறிவித்திருக்கலாம்.


பெரம்பூர் மில் தெரு
22 ஆகஸ்ட், மதியம்

ஐயா, மதித்துப் பதில் எழுதுகிறேன். நான் தொழிற்சங்கக்காரன், உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

நீங்கள் சொல்கிற மண்டலத்துக்குப் பெயர் திரு.வி.க. நகர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, அதைத் தொடங்கிய வாடியாவோடு நின்றவர் திரு.வி.க. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வீடு வாசல் இழந்து போராடிய மண் இது. அவர் பெயரை வைத்த மண்டலத்திலேயே தொழிலாளியைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைக்கிறார்கள்.

தனியார் ஒன்றும் புதிதில்லை. 2000இல் ஓனிக்ஸ் வந்தது. பிறகு நீல் மெட்டல், பிறகு ராம்கி. ஒவ்வொரு முறையும் கம்பெனி மாறும்போது தொழிலாளியின் பணிக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பி.எஃப். கணக்கு ஒரு பக்கம், இ.எஸ்.ஐ. ஒரு பக்கம். பத்து வருடம் ஒரே தெருவைப் பெருக்கியவருக்கு, தான் யாரிடம் வேலை செய்தேன் என்று நிரூபிக்கத் தாள் இருக்காது. நீங்கள் வாக்கு மீறலைக் கண்டிக்கிறீர்கள், நன்றி. ஆனால் நிரந்தரம் முடியாது என்று எப்படி ஒரு வரியில் கடந்து போகிறீர்கள்? குப்பை தினமும் விழுகிறது. நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆள் வேண்டாமா?


உதயசூரியன் கொருக்குப்பேட்டை
22 ஆகஸ்ட், மாலை

இரண்டு பேரும் அரசை அடிக்கிறீர்கள், சில உண்மைகளை விட்டுவிட்டு. சென்னையின் பெரும்பாலான மண்டலங்கள் ஏற்கெனவே தனியாரிடம்தான் இருக்கின்றன, அ.தி.மு.க. ஆட்சியில் கொடுத்தவை அதில் நிறைய. மிச்சம் இருந்த மண்டலங்களில் இரண்டுதான் இப்போது போகிறது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அதே ஆட்களைத்தான் வேலைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜவுளிக்காரர் அண்ணன் கடன் வாங்கிக் கொடை என்கிறார். மகளிர் உரிமைத்தொகை வாங்குகிற ஒரு கோடிப் பதினைந்து லட்சம் பெண்களிடம் போய் அதைக் கொடை என்று சொல்லிப் பாருங்கள். 12ஆம் தேதி நம்ம தண்டையார்பேட்டையில்தான் முதல்வர் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கினார். எழுபது வயது தாண்டியவர்களுக்கு அரிசி வீட்டு வாசலுக்கே வருகிறது. என் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாது. இது அரசு செய்ய வேண்டிய வேலை இல்லையா? வடசென்னைக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் தனித் திட்டம் போட்டது இதற்கு முன்னால் யார்?


கல்மண்டபத்துக்காரி
22 ஆகஸ்ட், இரவு

நான் அரசியல் அதிகம் பேச மாட்டேன். குப்பை பற்றி மட்டும் சொல்கிறேன். வேலை நிறுத்த நாட்களில் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து லாரியில் அள்ளினார்கள். அவர்களுக்குத் தெரு தெரியவில்லை. எந்தச் சந்துக்குள் வண்டி போகும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறவரின் டயப்பர் வரும், எந்த மூலையில் கண்ணாடி உடைத்துப் போடுவார்கள் என்பதெல்லாம் எங்கள் தெருவைப் பெருக்குகிற அக்காவுக்குத்தான் தெரியும். மெயின் ரோடு சுத்தமாக இருந்தது, உள் சந்து நாறியது. இதை டெண்டரில் எப்படி எழுதுவார்கள்?

அண்ணா, நீங்கள் அரசு தன் வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்கிறீர்கள். இங்கே காலையில் எழுந்தால் தண்ணீர் லாரி, மணலி ஆலைகளிலிருந்து வருகிற காற்று, மழை வந்தால் தண்ணீரோடு எண்ணெய். அரசு வராமல் எங்களால் ஒரு நாள் ஓட்ட முடியாது.


தாமரை தண்டையார்பேட்டை
22 ஆகஸ்ட், இரவு

ஜவுளிக்காரர் சார், மற்றதெல்லாம் சரி. 130ஆவது திருத்தத்தில் நீங்கள் அந்தப் பக்கம் போனது வருத்தம். செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14 கைதானார். அடுத்த பிப்ரவரி வரை சிறையிலிருந்தபடியே இலாகா இல்லாத அமைச்சர். 471 நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மறுபடி அமைச்சர். கெஜ்ரிவால் திகாரிலிருந்து முதல்வராக இருந்தார். வெட்கத்தால் விலகுகிற காலம் போய்விட்டது, அதனால்தான் சட்டம். ஒரு சாதாரணக் கிளார்க் 48 மணி நேரம் காவலில் இருந்தால் சஸ்பெண்ட். அமைச்சருக்கு மட்டும் ஏன் சலுகை?


எம்.சி.ரோடு ஜவுளிக்காரர்
23 ஆகஸ்ட், சனி, காலை

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தாமரை தம்பிக்கு முதலில். கிளார்க் உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் சஸ்பெண்ட் ஆன கிளார்க்குக்குப் பிழைப்பூதியம் உண்டு, குற்றம் நிரூபணமாகாவிட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். முதல்வர் போனால் ஒரு ஆட்சியே போகிறது. வாக்களித்தவன் முடிவு ரத்தாகிறது.

ஒரு சட்டத்தை ஆதரிப்பதற்கு முன் அது நாளைக்கு நமக்குப் பிடிக்காதவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். மாநில ஆட்சியை மத்திய அரசு கலைக்க வழி தருகிற அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஜனவரி 31 இங்கே தி.மு.க. ஆட்சி கலைந்தது, 1991 ஜனவரியில் மறுபடி. சரி, அவர்களுக்கு வேண்டியதுதான் என்று அன்று பேசியவர்கள் உண்டு. 1992 டிசம்பரில் என்ன நடந்தது? அயோத்திக்குப் பிறகு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலம் மூன்றிலும் நடந்துகொண்டிருந்த பா.ஜ.க. ஆட்சிகளை ஒரே நாளில் கலைத்தார்கள். எழுதியிருந்த அதிகாரம் ஒன்றுதான், கை மாறியது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துதான் அதற்குக் கடிவாளம் விழுந்தது. நெருக்கடி நிலையில் வாஜ்பாயும் அத்வானியும் எவ்வளவு மாதம் உள்ளே இருந்தார்கள்? அதிகாரத்தைக் கண்டு பயப்படாதவன் எப்படி வலதுசாரி ஆவான்?

கொருக்குப்பேட்டை நண்பருக்கு. உங்கள் பெரியம்மாவுக்கு வீட்டு வாசலில் அரிசி வருவதை நான் ஒருபோதும் எதிர்க்க மாட்டேன். முதியவர், ஊனமுற்றவர், ஆதரவில்லாதவர், இவர்களைத் தாங்குவது எந்த அரசுக்கும் தர்மம். நான் கேட்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். 2024-25இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48,344 கோடி. உரிமைத்தொகைக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது 13,807 கோடி. வீட்டுக்காரனிடம் வாங்கி வீட்டுக்காரியிடம் கொடுக்கிறார்கள், நடுவில் அந்த வீடு சாய்கிறது. எங்கள் கடையில் சுமை தூக்குகிற பையன்களில் சிலர் சனிக்கிழமை கூலி வாங்கினால் திங்கட்கிழமை வர மாட்டார்கள். அவர்கள் மனைவிகள்தான் வந்து, “கூலியை என் கையில் குடுங்கண்ணா” என்று நிற்பார்கள்.

ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். நாட்டிலேயே பொது விற்பனை வரிக்கு முதல் சட்டம் அதுதான். வியாபாரிகள் அன்று கடுமையாக எதிர்த்தார்கள். நானும் வியாபாரிதான். ஆனாலும் சொல்கிறேன், குடியில் வருகிற காசைவிடத் துணியில் வருகிற வரி சுத்தமான காசு. 2003க்கு முன்னால் அரசே கவுன்டரில் நின்று சில்லறைக்கு விற்கவில்லை. அ.தி.மு.க. தொடங்கியது, தி.மு.க. கைவிடவில்லை. இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு.

பெரம்பூர் நண்பரே, திரு.வி.க.வைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க சரி. அவர் ஆழ்ந்த சைவர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பக்தியும் தொழிலாளி உரிமையும் அவரிடம் ஒன்றாக இருந்தன, அதனால் அவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பணிக்காலம் பூஜ்யமாவது பற்றி நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். ஒப்பந்தம் மாறினாலும் சர்வீஸ் தொடர வேண்டும், பி.எஃப். ஒரே கணக்கில் போக வேண்டும். இதற்கு அரசு வேலை தேவையில்லை, ஒழுங்கான ஒப்பந்தம் தேவை.

20ஆம் தேதி உயர் நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய அந்த வழிதான். தனியாருக்குக் கொடுத்த தீர்மானத்தை ரத்து செய்யவில்லை, ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்றது. இதை முதல் நாளே ஆணையர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்கள் மழையிலும் வெயிலிலும் நடைபாதையில் படுத்திருக்க மாட்டார்கள்.


பாரிமுனை வக்கீல்
23 ஆகஸ்ட், மதியம்

இடையில் ஒரு சட்ட விளக்கம். தண்டனை பெற்றால் உடனே பதவி இழப்பு என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 லில்லி தாமஸ் தீர்ப்பிலிருந்தே நடைமுறை. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா முதல்வர் பதவியை இழந்தது அப்படித்தான். புதிய மசோதா அந்தக் கோட்டைத் தீர்ப்பிலிருந்து கைதுக்கு நகர்த்துகிறது. பணமோசடித் தடுப்புச் சட்டம் 45ஆவது பிரிவில் ஜாமீன் வாங்குவது எவ்வளவு கடினம் என்று இந்தப் பக்கம் பிராக்டிஸ் செய்கிற எல்லோருக்கும் தெரியும். குற்றவாளி இல்லை என்று நம்ப முகாந்திரம் உண்டு என நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். அப்படிப்பட்ட வழக்கில் முப்பது நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

வேண்டுமானால் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுப் பதிவான பிறகு என்று வைக்கலாம். அதில் ஒரு நீதிபதி மனதைச் செலுத்தியிருப்பார்.


தாமரை தண்டையார்பேட்டை
23 ஆகஸ்ட், மதியம்

குற்றச்சாட்டுப் பதிவாகவே பத்து வருடம் ஆகும் வக்கீல் சார். அதுவரை அமைச்சராகவே இருப்பார். உங்கள் வாதம் புத்தகத்தில் சரி, தெருவில் மக்கள் சிரிக்கிறார்கள். 1992 பற்றி ஜவுளிக்காரர் சார் சொன்னது யோசிக்க வைக்கிறது, ஆனாலும் நான் மசோதா பக்கம்தான்.


காசிமேடு விசைப்படகு
23 ஆகஸ்ட், மாலை

எல்லாரும் பேசுங்க, ஆனா இன்னிக்கு விடியற்காலை கண்ணகி நகரில் நடந்ததை யாரும் சொல்லவில்லையே. மழைத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்து, வேலைக்குப் போன தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் இறந்துபோனார். தனியார் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர். எங்கள் படகில் ஒருவன் கடலில் போனால் மீன்வளத் துறையில் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும். இதில் யார் பொறுப்பு? மாநகராட்சியா, கம்பெனியா, மின்வாரியமா?


பெரம்பூர் மில் தெரு
23 ஆகஸ்ட், இரவு

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதன்மை முதலாளியும் பொறுப்பு. கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் மாநகராட்சி கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும். சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் ஊரே திரண்டால்தான் நடக்கிறது. நிரந்தரப் பணியாளராக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வராது, அதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.


எம்.சி.ரோடு ஜவுளிக்காரர்
24 ஆகஸ்ட், ஞாயிறு, காலை

படித்ததிலிருந்து மனசு சரியில்லை. கண்ணகி நகரில் இறந்த அந்த அம்மாவுக்கு என் அஞ்சலி.

நிரந்தரம் பற்றி நமக்குள் ஒத்துவராது தோழர், அது இருக்கட்டும். ஆனால் முதன்மை முதலாளி பொறுப்பு என்று நீங்கள் எழுதியது நம் இரண்டு மண்டல ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இங்கே யாரும் பார்த்ததில்லை. பத்து ஆண்டு ஒப்பந்தம், நம் வரிப்பணம். நாளை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறேன். நான் கேட்கப் போவது: ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, ஒரு பணியாளருக்கு மாதம் எவ்வளவு என்று கம்பெனிக்கு மாநகராட்சி கொடுக்கிறது, அதில் கையில் போவது எவ்வளவு, விபத்தில் யார் பொறுப்பு, பழைய பணிக்காலம் சேருமா. கொருக்குப்பேட்டை நண்பரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஆளுங்கட்சிக்காரர் கேட்கிறார் என்றால் சீக்கிரம் பதில் வரும்.


உதயசூரியன் கொருக்குப்பேட்டை
24 ஆகஸ்ட், காலை

நானும் என் பெயரில் தனியாக ஒன்று போடுகிறேன் அண்ணே. ஒரே மனுவில் இரண்டு கையெழுத்து என்றால் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்தில் தவறு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன், அதனால் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.


கல்மண்டபத்துக்காரி
24 ஆகஸ்ட், மதியம்

இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. தெரு தெரிந்த பழைய ஆளை வேறு வார்டுக்கு மாற்ற கம்பெனிக்கு உரிமை உண்டா என்று. எங்கள் அக்காவை மணலி பக்கம் போடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அவர் வீடு இங்கே, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் இங்கே.


எம்.சி.ரோடு ஜவுளிக்காரர்
24 ஆகஸ்ட், மதியம்

சேர்த்துவிட்டேன் அம்மா. ஆறாவது கேள்வி.